பழைய அவுட்போர்டு மோட்டார்: கரண்ட் கோளாறு, மீட்டர் கோளாறு, அறிகுறி பார்த்துப் பிடிக்கும் முறை

பழைய அவுட்போர்டில் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) மீட்டர் முள் அசையாமல் கிடந்தால் உடனே புது மீட்டர் வாங்காதீர்கள். பெரும்பாலும் மீட்டர் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு வர வேண்டிய பாசிட்டிவ் வராது, அல்லது எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) போயிருக்கும். உப்புக் காற்று முதலில் தின்பது ஒயர் முனையையும் எர்த் போல்ட்டையும்தான். வெளியே உறை பளபளவென்று இருக்கும். ஒரு சென்டிமீட்டர் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு இழை கறுத்து, தொட்டால் பொடியாக உதிரும். அதனால் எந்த அறிகுறியானாலும் வரிசை ஒன்றுதான்: பேட்டரி, எர்த், பிளக் (ஒயர்களை இணைக்கும் பிளக்), அதற்குப் பிறகுதான் பாகம்.

கையில் இருக்க வேண்டியவை

டயோடு சோதிக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர். இரண்டு ஒயர் பற்றவைத்த 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று (வண்டியின் பிரேக் விளக்கில் இருப்பது போதும்). இரு முனையிலும் முதலைக் கிளிப்பும் நடுவில் 5 ஆம்பியர் ஃபியூஸும் போட்ட தற்காலிக ஒயர். பித்தளை பிரஷ், உப்புத்தாள்.

மல்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு? பத்தொன்பது இழையில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் என்று காட்டும். அது கரண்டே எடுப்பதில்லை. அந்த இடத்தில் பல்பைப் போட்டால் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் ஓட வேண்டும். ஒயர் சரியில்லை என்றால் பல்பு மங்கும், அல்லது எரியவே எரியாது. சுமை ஏற்றாமல் பார்த்த வோல்ட்டை நம்பி எத்தனையோ நல்ல பாகங்கள் வீணாக மாற்றப்படுகின்றன.

தொடும் முன்

செல்ஃப் அடித்துச் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றி வையுங்கள். மூடியைத் திறந்து, பெட்ரோல் வாடை போகும் வரை காத்திருங்கள். என்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் இணைப்பு இல்லாமல் ஓட்டக் கூடாது. பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். சி.டி.ஐ. பெட்டியிலிருந்து (ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் மின்னணுப் பெட்டி) இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், அங்கே கை வைக்காதீர்கள்.

இன்னும் மூன்று தவறுகள் ஒரு நொடியில் பாகத்தைக் கொன்றுவிடும். என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றுவது ஒன்று. பேட்டரியைத் தலைகீழாக இணைப்பது இன்னொன்று. இரண்டிலும் ரெக்டிஃபையரின் (ஏ.சி.யை பேட்டரிக்கு ஏற்ற டி.சி.யாக மாற்றும் பாகம்) டயோடு போகும். மூன்றாவது, ஸ்டாப் ஒயருக்கு 12 வோல்ட் கொடுப்பது. அந்த ஒயரை எர்த்தில் தொட்டால் என்ஜின் நிற்கும். பேட்டரி பாசிட்டிவைக் கொடுத்தால் சி.டி.ஐ. பெட்டி எரியும்.

ஒயர் நிறம்

அமெரிக்க மோட்டார்களில் சிவப்பு பேட்டரி, கறுப்பு எர்த், ஊதா சாவி போட்டால் வரும் 12 வோல்ட், மஞ்சளில் சிவப்புக் கோடு ஸ்டார்ட், கறுப்பில் மஞ்சள் கோடு ஸ்டாப், சாம்பல் டேக்கோமீட்டர் (என்ஜின் சுற்றும் வேகம் காட்டும் மீட்டர்), வெளிர் பழுப்பு வெப்பம், இளஞ்சிவப்பு பெட்ரோல் அளவு. யமஹாவில் கதை வேறு: மஞ்சள் சாவி 12 வோல்ட், பழுப்பு ஸ்டார்ட், வெள்ளை ஸ்டாப், பச்சை டேக்கோமீட்டர், இளஞ்சிவப்பு அதிவெப்பம். ஒன்றின் நிறக் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் ஆபத்து. பல கை மாறிய மோட்டாரில் நடுவில் யாராவது கிடைத்த ஒயரை ஒட்டியிருப்பார்கள். அங்கே நிறத்தை நம்பாமல் முனைக்கு முனை ஓம் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

பேட்டரியைப் பாருங்கள். சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி முழு சார்ஜில் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம், எல்லா அளவும் பொய் சொல்லும்.

பேட்டரி சரி என்றால் என்ஜினில் சிவப்பு ஒயரில் இருக்கும் மெயின் ஃபியூஸ். பழைய மாடல்களில் பெரும்பாலும் 20 ஆம்பியர், சோலினாய்டுக்கு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டை விடும் மின் சுவிட்ச்) பக்கத்தில் இருக்கும். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். கண்ணாடி ஃபியூஸில் இழை அறுந்த இடம் உலோக மூடிக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு பக்கமும் பல்பை வைத்துப் பாருங்கள்.

அடுத்து கியர். ரிமோட் கண்ட்ரோல் பெட்டிக்குள் நியூட்ரல் சுவிட்ச் உண்டு. லீவர் நடுவிலிருந்து சற்று விலகினாலும் ஸ்டார்ட் ஆகாது. சாவியைப் பிடித்துக்கொண்டே லீவரை லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஓரிடத்தில் செல்ஃப் எடுத்தால் சுவிட்ச் அல்லது கேபிள் சரிசெய்தல்தான் பிரச்சினை.

இதெல்லாம் சரியாக இருந்தால், ஒருவர் சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்க, சோலினாய்டின் சின்ன முனையில் பல்பை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வந்தும் சோலினாய்டு பேசவில்லை என்றால், மற்ற சின்ன முனையின் எர்த் ஒயரைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் சோலினாய்டு போய்விட்டது. 12 வோல்ட் வரவே இல்லை என்றால் பின்னோக்கி வாருங்கள்: பெரிய பிளக், சாவி சுவிட்ச்.

‘டக்’ என்று ஒரே சத்தம், அல்லது செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கரண்டில் முனையிலுள்ள மெல்லிய களிம்புப் படலமே ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். ஆகவே வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடுங்கள்.

முதலில் லேன்யார்டு கிளிப்பை (ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிற்றின் கிளிப்) எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பழைய மாடல்களில் அப்போது ஸ்பார்க் வராது, செல்ஃப் மட்டும் சுற்றும்.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள். கிளாம்பின் மேல் வேண்டாம். கறுப்பு முனையை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும், சோலினாய்டு திறந்திருப்பதால் அது இயல்பு. செல்ஃப் அடிக்கும்போது அது 0.5 வோல்ட்டுக்குள் விழ வேண்டும். விழவில்லை என்றால் கறுப்பு முனையை ஒவ்வொரு கட்டமாகப் பின்னுக்குக் கொண்டுவாருங்கள்: சோலினாய்டின் வெளிப் போல்ட், உள் போல்ட், கேபிள் லக் (கேபிள் முனையிலுள்ள வளையம்), பேட்டரி கிளாம்ப். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் அளவு சட்டென்று குறைகிறதோ, பழுது அங்கே.

அதே சோதனையை எர்த் பக்கமும் செய்யுங்கள்: செல்ஃப் மோட்டாரின் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவ் கம்பம் வரை. 0.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தப் பக்கத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. கழற்றிப் பார்த்தால் பேட்டரி நெகட்டிவ் கேபிள் என்ஜின் பிளாக்கில் சேரும் இடத்தில் லக்குக்கு அடியில் பெயிண்ட்டும் வெள்ளைத் தூளும் இருக்கும். அலுமினியத்தின் துரு அது. பளிச்சென்று உலோகம் தெரியும் வரை தேய்த்து மாட்டினால் செல்ஃப் சுற்றும் வேகமே மாறிவிடும்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி கம்பத்திலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். 10க்கு மேல் நின்று, இரண்டு பக்க இழப்பும் குறைவாக இருந்தும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ். அதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஃப்ளைவீலை (என்ஜின் மேலுள்ள கனமான சக்கரம்) கையால் சுற்றிப் பாருங்கள். என்ஜினே இறுகியிருந்தால் கரண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பேட்டரி முனையில் விங் நட் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்பேனர் போட்டு இறுக்கும் லாக் நட் போடுங்கள். படகின் அதிர்வில் விங் நட் நிற்காது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை

லேன்யார்டு கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு என்ஜின் பக்கத்தில் ஸ்டாப் ஒயரைக் கழற்றி, ஸ்பார்க் டெஸ்டர் போட்டுச் சுற்றுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் பழுது என்ஜினில் இல்லை. சாவி சுவிட்ச், லேன்யார்டு சுவிட்ச், அல்லது ஹார்னஸில் (ஒயர் கட்டு) எங்கோ ஸ்டாப் ஒயர் எர்த்தைத் தொடுகிறது. இந்த நிலையில் என்ஜின் ஸ்டார்ட் ஆனால் சாவியால் நிறுத்த முடியாது. சோக் போட்டோ பெட்ரோலை நிறுத்தியோதான் நிறுத்த வேண்டும்.

சாவி சுவிட்சை மாற்றும்போது வண்டிக்கு உரிய சுவிட்ச் போடவே கூடாது. அவுட்போர்டு சுவிட்சில் ‘எம்’ என்று இரண்டு முனை உண்டு. சாவி ஆஃப் ஆகும்போது அவை இரண்டும் ஒன்று சேர்ந்து ஸ்டாப் ஒயரை எர்த் செய்யும். வண்டி சுவிட்ச் அதற்கு மாறாக 12 வோல்ட்டை அனுப்பும். முன்னே சொன்ன சி.டி.ஐ. மரணம் இப்படித்தான் நடக்கிறது.

மெதுவாகச் சுற்றும் என்ஜினில் ஸ்பார்க் இல்லை என்றால் சி.டி.ஐ.யைத் தொடாதீர்கள். போதிய வேகம் இல்லாமல் அது ஸ்பார்க் கொடுக்காது. முதலில் மேலே சொன்ன வோல்ட் இழப்பைச் சரிசெய்யுங்கள்.

பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, டேக்கோமீட்டரும் செத்துவிட்டது

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நல்ல சகுனம் என்றே சொல்வேன், பாதித் தேடல் முடிந்துவிட்டது. பழைய அவுட்போர்டில் டேக்கோமீட்டருக்குத் தனி சென்சார் கிடையாது. ஃப்ளைவீலுக்கு அடியிலுள்ள ஸ்டேட்டர் காயிலிலிருந்து இரண்டு ஒயர், பெரும்பாலும் மஞ்சள், ரெக்டிஃபையருக்கு வரும். அதில் ஒன்றின் துடிப்பைத்தான் சாம்பல் ஒயர் மீட்டருக்குக் கொண்டுபோகிறது. ஆகவே:

- முள் அசையவில்லை, வோல்ட்டும் ஏறவில்லை: ஸ்டேட்டர் அல்லது ரெக்டிஃபையர்.
- முள் அசையவில்லை, வோல்ட் ஏறுகிறது: சாம்பல் ஒயர், பிளக், அல்லது மீட்டருக்கு வரும் 12 வோல்ட், எர்த்.
- முள் சரி, வோல்ட் ஏறவில்லை: ரெக்டிஃபையரின் ஒரு பாதி, அல்லது சிவப்பு ஒயர், ஃபியூஸ்.

வோல்ட் ஏறுகிறதா என்பதை ஐடிலில் பார்க்காதீர்கள், அங்கே பழைய ஸ்டேட்டர் ஒன்றும் கொடுக்காது. 2000 ஆர்.பி.எம். பக்கம் வைத்து, பேட்டரி கம்பத்தில் அளந்தால் ஓடாத நிலையைவிட அரை வோல்ட்டாவது கூட வேண்டும்.

ரெக்டிஃபையரைச் சோதிக்க, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ரெக்டிஃபையரின் ஒயர்களைப் பிரியுங்கள். மல்டிமீட்டர் டயோடு நிலையில். சிவப்பு முனை ஒரு மஞ்சளில், கறுப்பு முனை ரெக்டிஃபையரின் சிவப்பு ஒயரில்: 0.4 முதல் 0.7 வரை காட்டும். முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டக் கூடாது. பிறகு சிவப்பு முனை ரெக்டிஃபையர் உடலில், கறுப்பு முனை அதே மஞ்சளில்: மீண்டும் 0.4 முதல் 0.7, மாற்றினால் ஒன்றுமில்லை. இதையே மற்ற மஞ்சளுக்கும் செய்யுங்கள், மொத்தம் எட்டு அளவு. இரண்டு பக்கமும் காட்டினால் அந்த டயோடு ஷார்ட். இரண்டு பக்கமும் காட்டாவிட்டால் அறுந்தது. எட்டில் ஒன்று பிசகினாலும் மாற்ற வேண்டியதுதான். இது சாதாரண ரெக்டிஃபையருக்கு. ரெகுலேட்டரும் (வோல்ட் ஏறாமல் கட்டுப்படுத்தும் பாகம்) சேர்ந்த பெட்டியில் இந்த அளவுகள் வேறாக வரலாம். அதை ஓடும்போது வோல்ட் பார்த்தே தீர்மானியுங்கள்.

ஸ்டேட்டருக்கு ஓம் அளவு. முதலில் மல்டிமீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் 0.2, 0.3 ஓமைக் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள். மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு ஓம் அளவில் மிகக் குறைவாக இருக்கும். மஞ்சளிலிருந்து என்ஜின் பிளாக்குக்குத் தொடர்பே இருக்கக் கூடாது. ஃப்ளைவீலுக்கு அடியில் பழுப்பாகப் பிசின் வழிந்து உறைந்திருந்தால் மீட்டரே வேண்டாம், காயில் வெந்துவிட்டது.

புது ரெக்டிஃபையர் போடும் முன் பேட்டரி இணைப்புகளை இறுக்குங்கள். ரெக்டிஃபையர் போவதற்குப் பெரிய காரணமே லூஸ் கனெக்‌ஷன்தான்: ஓடும்போது பேட்டரி ஒரு கணம் விட்டுவிட்டால் வோல்ட் எகிறி டயோடைக் குத்திவிடும். டேக்கோமீட்டர் முள் அவ்வப்போது குதிப்பது இதற்கு முன்னறிவிப்பு.

ரெகுலேட்டர் இல்லாத மோட்டாரில், பேட்டரி நிறைந்த பிறகும் முழு வேகத்தில் நீண்ட நேரம் போனால் 15 வோல்ட்டைத் தாண்டும். அதற்குத் தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரிதான் பொருந்தும். மூடிய வகை போட வேண்டுமென்றால் ரெகுலேட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டேக்கோமீட்டர் ஓடுகிறது, அளவு தப்பு

மீட்டரின் பின்னால் ஸ்க்ரூடிரைவர் போடும் சின்னத் திருகி இருக்கும். 4, 5, 6 என்ற எண்கள் ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பதைக் குறிக்கும். ஃப்ளைவீலில் காந்த முனைகள் 12 என்றால் துடிப்பு 6. அந்த மோட்டாரில் திருகி 4இல் இருந்தால் 4000 ஆர்.பி.எம். 6000 ஆகத் தெரியும். திருகி சரியான எண்ணில் இருந்தும் முள் தடுமாறினால், அதை முழுதாக முன்னும் பின்னும் பத்து முறை திருப்பி மீண்டும் அதே எண்ணில் வையுங்கள். உள்ளே படிந்த களிம்பு தேய்ந்து போகும். எளிய வைத்தியம், அடிக்கடி பலிக்கும்.

ராத்திரியில் பேட்டரி இறங்கிவிடுகிறது

சாவி ஆஃப். பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணையுங்கள். பழைய மோட்டாரில் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். கரண்ட் ஓடினால் ரெக்டிஃபையரின் சிவப்பு ஒயரை எடுங்கள். உடனே நின்றால் கசியும் டயோடு. நிற்கவில்லை என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். படகின் அடித்தண்ணீர் பம்பின் மிதவை சுவிட்சையும் மறக்காதீர்கள்.

பெட்ரோல் மீட்டர்

மீட்டரின் பின்னால் மூன்று முனை: ‘ஐ’ 12 வோல்ட், ‘ஜி’ எர்த், ‘எஸ்’ தொட்டியிலிருந்து வரும் ஒயர். சாவியை ஆன் செய்து ‘எஸ்’ ஒயரைக் கழற்றுங்கள். அமெரிக்க வகையில் முள் காலி பக்கம் போகும். ‘எஸ்’ முனையைத் தற்காலிக ஒயரால் ‘ஜி’யில் தொட்டால் நிறைந்த பக்கம் ஓடும். இரண்டும் நடந்தால் மீட்டர் நல்லது. பழுது ஒயரில் அல்லது தொட்டியின் சென்டரில் (பெட்ரோல் மட்டத்தை அளந்து மீட்டருக்கு அனுப்பும் ‘sender’). இந்தத் தொடும் சோதனையை மீட்டர் பக்கம் மட்டும் செய்யுங்கள், தொட்டிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

சென்டர் அளவு: அமெரிக்க வகையில் காலி 240 ஓம், நிறைவு 33 ஓம், பாதி நூற்றுச் சொச்சம். ஐரோப்பிய வகையில் காலி 10, நிறைவு 180. இரண்டையும் கலந்து மாட்டினால் தொட்டி நிறைய இருக்கும்போது முள் காலி பக்கம் சாயும். முள் தலைகீழாக நடந்தால் அதுதான் காரணம், ஒயரை மாற்றி மாற்றிப் போட்டுச் சரியாகாது.

வெப்ப மீட்டரும் ஹாரனும்

வெப்ப மீட்டருக்கும் அதே சோதனைதான்: ‘எஸ்’ கழற்றினால் குளிர்ச்சி, எர்த் செய்தால் சூடு.

ஹாரனுக்கு, சாவி ஆன் நிலையில் சிலிண்டர் ஹெட்டிலிருக்கும் தெர்மல் சுவிட்ச் ஒயரைக் கழற்றி பிளாக்கில் தொடுங்கள். அலற வேண்டும். அலறவில்லை என்றால் ஹாரன் அல்லது அதன் 12 வோல்ட். இதைச் சரிசெய்யாமல் மோட்டாரை ஓட்டக் கூடாது, சூட்டைச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஓடும்போது ஹாரன் அடித்தால் முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் பீச்சும் ஓட்டையில் தாரை மெலிந்திருந்தால் அது கரண்ட் கோளாறே இல்லை, இம்பெல்லர். தானாக எண்ணெய் கலக்கும் மாடலில் எண்ணெய் குறைந்தாலும் அதே ஹாரன் அடிக்கலாம். என்ஜின் ஆறியிருந்தும் அடித்து, தெர்மல் ஒயரைக் கழற்றியதும் நின்றால் சுவிட்ச் உள்ளே ஒட்டிவிட்டது. கழற்றியும் நிற்காவிட்டால் ஒயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது.

விளக்கைப் போட்டால் எல்லா முள்ளும் சேர்ந்து ஆடுகிறது

இது பேனல் எர்த். மீட்டர்கள் ஒரே கறுப்பு ஒயரில் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். முதல் முனை விட்டால் எல்லாம் ஆடும். பேனல் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தற்காலிக ஒயர் போடுங்கள். ஆட்டம் நின்றால் அந்த வழியிலேயே நிரந்தர ஒயர் இழுத்துவிடலாம்.

ஸ்பீடு மீட்டர் மட்டும் செத்திருந்தால் ஒயரைத் தேடாதீர்கள். பழைய படகுகளில் அது தண்ணீர் அழுத்தத்தில் ஓடுவது. கியர் கேஸின் முன் விளிம்பிலுள்ள சின்ன ஓட்டையில் மணல் அடைத்திருக்கும். மீட்டர் பக்கம் குழாயைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பியால் குத்துங்கள்.

ட்ரிம் ஒரு பக்கம் மட்டும் போகிறது

ட்ரிம் என்பது மோட்டாரைச் சாய்த்து ஏற்றி இறக்கும் அமைப்பு. மேலே ஏற்ற ஒரு ரிலே (மின் சுவிட்ச்), கீழே இறக்க ஒரு ரிலே. இரண்டும் ஒரே வகை என்றால் இடம் மாற்றிப் போடுங்கள். பழுதும் பக்கம் மாறினால் ரிலே. மாறவில்லை என்றால் சுவிட்ச் அல்லது அதன் ஒயர்.

ஒட்டும்போது

கறுத்த இழையைச் சுரண்டி மீண்டும் பயன்படுத்த வேண்டாம். பளிச்சென்ற செம்பு வரும் வரை வெட்டுங்கள். ஹார்னஸ் உறை தொட்டாலே நொறுங்கினால் முழு ஹார்னஸையும் மாற்றுவதுதான் மிச்சம். புதிய துண்டு ஈயம் பூசிய செம்பு ஒயராக இருக்கட்டும். ஈயப் பற்று மட்டும் போட்டால் அதிர்வில் பற்றின் ஓரத்தில் முறியும். லக்கை அழுத்திப் பிடிக்கும் கருவியால் நசுக்கி, உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். குழாயின் இரு முனையிலும் பசை பிதுங்கி வந்தால்தான் உப்புத் தண்ணீர் உள்ளே போகாது.